சொல்ட்டுப் போ

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன். வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலில் என்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக நழுவுவது எனக்கு ஆகாது. அந்த வீட்டில் யார் ரொம்ப நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களிடம் போய்க் கையைப் பிடித்து, "போய்ட்டு வரேன்" என்று வாய்விட்டுச் சொல்வேன். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.

என் மாமியார் இதை முதல்முறை பார்த்தபோது அவர் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்த குடும்பம். இப்படி ஒரு மருமகள் வாய்ப்பாள் என்று எந்த ஜோசியரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர், "துட்டி வீட்டுல போயி யாராச்சும் அப்படிச் சொல்லுவாவளா?" என்று கேட்டார்.

"எங்க ஏரியால சொல்லுவோம்" என்றேன்.

அது பொய். எங்கள் ஏரியாவிலும் சொல்ல மாட்டார்கள். சொல்லச் சொன்னது ஒரே ஒருத்தி, என் அத்தை.

எம்.கே.பி. நகரில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அந்த வீட்டில் கெட்ட வார்த்தை என்று எதையும் பெரிதாக ஒதுக்கி வைத்திருக்கவில்லை. கஸ்மாலம், பேமானி, சோம்பேறி எல்லாம் கொஞ்சலில் சேர்ந்தவை. காலையில் என்னை எழுப்பும்போதே அம்மா அதில் ஒன்றிரண்டைச் சொல்லித்தான் எழுப்புவாள். தடை இருந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு. 'போறேன்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. கீழே இறங்கிக் கறிவேப்பிலை வாங்கி வருவதாக இருந்தாலும் 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மறந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டால் அம்மா கரண்டியோடு வந்து வாசலை மறித்துக்கொள்வாள். "இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு" என்பாள். திருத்திச் சொன்ன பிறகுதான் வழி கிடைக்கும்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா ஒரு கம்பெனியில் வெல்டர். வீட்டில் சாமி படங்கள் கிடையாது. கூடத்துச் சுவரில் புத்தர் படம் ஒன்று மட்டும் இருக்கும். ராகு காலம், எமகண்டம், பூனை குறுக்கே போவது, பல்லி விழுவது எதையும் அவர் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. வேண்டுமென்றே ராகு காலத்தில்தான் புதுச் சட்டை போடுவார். அவரும்கூட 'போறேன்' என்று சொல்ல மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். வேறு எப்படி என்று கேட்பதற்குள் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நைனாவின் அக்காதான் என் அத்தை. திருவொற்றியூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரே வரிசையாக ஓடும் லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தாள். குழந்தை இல்லை. லீவு விட்டால் நான்தான் அந்த வீட்டுக் குழந்தை. மாமா ட்ரெய்லர் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் பெரிய வண்டி. நல்ல உயரம், நல்ல தொப்பை, சிரித்தால் வீட்டுத் தகரம் அதிரும். வேலைக்குக் கிளம்பும்போது அத்தையைச் சீண்டுவதற்கென்றே, "நான் போறேன்" என்பார். அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி பாயில் உட்கார வைப்பாள். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வைப்பாள். "இப்ப எய்ந்து ஒயுங்கா சொல்ட்டுப் போ" என்பாள். அவர் கைகட்டி நின்று, வகுப்பில் பாட்டு ஒப்பிக்கிற பையன் மாதிரி, "போய்ட்டு வரேன்" என்பார். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும். அந்த வார்த்தையில் ஏதோ கயிறு கட்டியிருக்கிறது, சொல்லிவிட்டுப் போனவரை அது எப்படியும் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

நான் நாலாவது படிக்கும்போது மாமா இறந்துபோனார்.

துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டே இருக்கும். சில நாள் விடிந்து அடைந்தாலும் வரிசை நகராது. டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, வண்டி நிழலில் சீட்டாடி, வண்டிக்குள்ளேயே தூங்குவார்கள். அன்று முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது, மாமாவின் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஒவ்வொருத்தராக ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் அடுத்த வண்டி டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி வந்து ஏறிப் பார்த்திருக்கிறார். மாமா ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்குவது மாதிரி இருந்தாராம். நெஞ்சு வலி. பக்கத்து சீட்டில் கிடந்த செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த டிரைவர் அதை எடுத்தார். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல் அத்தை, "இன்னா, சாப்ட்டியா?" என்றாளாம். அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லைன் வீட்டுச் சந்து முழுக்க ஆட்கள். அத்தை அழவில்லை. மாமாவின் கால் பக்கம் சுவரில் சாய்ந்து, கையில் எதையோ பிடித்திருப்பது போல விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதது பெரியம்மாதான்.

பெரியம்மா என்று நான் கூப்பிட்டது மாமாவின் அக்காவை. தாயில்லாத மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தாள். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷன் செத்துப்போனான். அந்தக் குழந்தையை ஒரு காய்கறிக் கூடையில் போட்டு அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு கடையை ஆரம்பித்தவள். இரும்பு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் யாரும் அவளிடம் வாலாட்ட முடியாது. அந்த மகனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் வாங்க வைத்தது மாமாதான். அவனும் இப்போது ட்ரெய்லர் ஓட்டினான். எனக்கு அவன் அண்ணன்.

மாலையில் மாமாவை எடுத்துப் போனார்கள். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்ததும், உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் எப்படிக் குறைகிறது என்றே தெரியாமல் குறைந்துகொண்டிருந்தது. அம்மாவும் எழுந்து என் தோளைத் தொட்டாள். "வா" என்றாள்.

"அத்தைக்கிட்ட சொல்ட்டு வரேன்."

"சொல்லக் கூடாது. சொல்லிக்காம வா."

எனக்குப் புரியவில்லை. கறிவேப்பிலைக்குச் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும், மாடியில் துணி எடுக்கப் போனால்கூடச் சொல்ல வேண்டும். அத்தை தனியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இன்றைக்கு மட்டும் ஏன் கூடாது? அம்மா கையை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். அத்தைக்கு எதிரில் போய் நின்று, எப்போதும் சொல்லும் சத்தத்திலேயே, "அத்த, போய்ட்டு வரேன்" என்றேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா எழுந்து வந்தாள். "வாயில நெருப்ப வெக்க. எயவு வூட்ல நின்னுகினு வரேன்றா பாரு. எதுக்குடி மறுபடி வர? இன்னொரு எயவுக்கா?"

அம்மா வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அது எனக்கு விழுந்த அறையா, பெரியம்மாவுக்குக் காட்டிய மரியாதையா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது வலிதான் தெரிந்தது.

"அவள எதுக்கு அடிக்கிற?"

அத்தையின் குரல். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"காத்தாலேந்து எத்தினி பேரு வந்தாங்க. ஊரே வந்துச்சு. போவ சொல்லோ எல்லாம் திருட்டுப் பசங்களாட்டம் எய்ந்து எய்ந்து போவுது. இது ஒண்ணுதான் மனுசியாட்டம் சொல்ட்டுப் போவுது. இத அடிக்கிற."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். "வா" என்றாள். "ஞாயித்துக்கெயம வா. உங்க நைனா கூட்டினு வரலன்னா போன் போடு, நான் வந்து கூட்டினு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினாறாம் நாள் முடியட்டும், அதுவரைக்கும் அங்கே போகவேண்டாம் என்றாள் அம்மா. நான் காலையிலேயே குளித்துத் தலை பின்னிக்கொண்டு கதவருகே உட்கார்ந்துவிட்டேன். "நான் வரேன்னு சொல்ட்டேன்" என்பதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. டிபனைத் தொடவில்லை. கடைசியில் நைனா சட்டையை மாட்டினார். இரண்டு பஸ் மாறிப் போனோம். என்னை விட்டுவிட்டு, சாயந்திரம் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். நான் வருவேன் என்று தெரிந்தவள் மாதிரி, அடுப்பில் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அன்று துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள் என்பது என்னைப் போன்ற சின்னப் பெண்ணுக்கே தெரிந்தது. இத்தனை நாளும் அதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த அத்தைக்கு, அன்று என்னவோ ஆகிவிட்டது.

பின்தெருக்காரி ஒருத்தி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத, நாங்கல்லாம் இருக்கோம்" என்றாள்.

"எங்க?" என்றாள் அத்தை.

அவள் விழித்தாள்.

"எங்க கீறீங்கன்னு கேட்டேன். பொயுது சாஞ்சா இந்த வூட்ல நான் ஒருத்திதான் கீறேன். அதான் கேட்டேன்."

அவள் ஏதோ முணுமுணுத்துவிட்டு டம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்தாள். அடுத்து வந்த வயதான அம்மாள், "மனச தேத்திக்கம்மா" என்றாள். அத்தை, "எத வெச்சு?" என்றாள். சண்டைக் குரல் இல்லை. கடையில் ஒரு பொருளைக் கேட்பது மாதிரிக் கேட்டாள். மாமாவோடு வண்டி ஓட்டிய ஒருவர் வந்து, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், "எது வோணும்னாலும் கேளு தங்கச்சி, வெக்கப்படாத" என்றார்.

"சோறு கீது. கொயம்பு கீது. ஒக்காந்து ஒரு வாய் துன்னுட்டுப் போங்கண்ணா. அதான் வோணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கருமாதி முடியாத வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவசரமாக லோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். அத்தை அவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

சாப்பிட்டு முடித்து அவள் மடியில் படுத்திருந்தபோது, சில நாளாக எனக்குள் கிடந்ததைக் கேட்டேன். "அத்த, மாமா அன்னிக்கு ஒயுங்கா சொல்ட்டுப் போனாரா?"

என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"சொன்னாரு."

"போறேன்னு சொன்னாரா, வரேன்னு சொன்னாரா?"

"போய்ட்டு வரேன்னுதான் சொன்னாரு. அன்னிக்கு வெளாட்டு கூட இல்ல. ஒயுங்காதான் சொன்னாரு."

"அப்புறம் ஏன் வரல?"

அத்தை மறுபடி என் தலைமுடியை வகிர்ந்தாள். "வரல" என்றாள். "சொன்னவரு வரல. அதுக்குன்னு சொல்றதே தப்பாயிடுமா? இனிமே எவனும் என்னான்ட சொல்லாமயே போவணுமா? நான் இன்னா பஸ் ஸ்டாண்டா, வந்து எறங்கிட்டு அவனவன் பாட்டுக்குப் போறதுக்கு?"

நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். சாயந்திரம் நைனா வந்து அழைத்துப் போகும்போது வழக்கம்போலச் சொன்னேன். நைனா மட்டும் வாசல்படியில் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு இறங்கினார்.

பதினாறாம் நாள். காலையில் கடற்கரையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார்கள். அத்தையின் வளையலையும் பொட்டையும் என்ன செய்வது என்பதில் நைனாவுக்கும் பெரியம்மா பக்கத்து ஆட்களுக்கும் பெரிய வாக்குவாதம். நைனா அன்று நன்றாகப் பேசினார். இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நிறையப் பேசினார். இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தபோது அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "வளையல் என் கையில கீது. கயட்றதா, மாட்றதா, அத நான் பாத்துக்கறேன். எல போட்டாச்சு, வந்து துன்னுங்க" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

கை கழுவியவர்கள், வழக்கப்படி, சத்தமில்லாமல் நழுவ ஆரம்பித்தபோதுதான் அது நடந்தது.

லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சந்து முனையில் ஒரே ஓர் இரும்பு கேட். அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த கேட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். முதலில் வந்தவள் அந்தப் பின்தெருக்காரி.

"சொல்ட்டுப் போ" என்றாள் அத்தை.

"இன்னாக்கா இது?"

"வந்த, சாப்ட்ட, போற. போவ சொல்லோ ஒரு வார்த்த சொல்ட்டுப் போ."

"பயக்கம் இல்லியேக்கா. கருமாதி வூடு..."

"கருமாதி முடிஞ்சிருச்சு. இது என் வூடு."

பின்தெருக்காரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கையில் வெற்றிலையோடு நாலைந்து ஆண்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். வழி இல்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அத்தை அதையும் கேட்டாள். "பேதலிக்கல. நல்லாத்தான் கீறேன்" என்றாள்.

நைனா சமாதானம் செய்ய முன்னால் வந்தார். அத்தை அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லுடா. எல்லாரும் பாத்துக்கட்டும். நீதான் எதுக்கும் பயப்படாதவனாச்சே."

நைனா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசிய மனிதர். "அக்கா, அது வந்து..." என்றார். "அது வேற" என்றார்.

"இன்னா வேற?"

நைனா தரையைப் பார்த்தார். கறுத்துப்போன அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. நான் கத்திச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நான் அன்று ராத்திரி அத்தையோடு தங்குவதாக இருந்தது. போகாதவள் எப்படிச் சொல்வது?

அப்போது அண்ணன் வந்தான். பெரியம்மாவின் மகன். அவனுக்கு மணலியில் லோடு ஏற்ற வேண்டியிருந்தது. பைக் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வந்தவன், கூட்டத்தைப் பார்த்து நின்றான். விஷயம் அவனுக்குப் புரிந்த அதே நேரம் பெரியம்மா ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"டேய், வாயத் தொறக்காத. வண்டிக்குப் போறவன் நீ. பேசாம வா."

அத்தை அவனைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த முறைப்பு இறங்கிப்போனது. நாற்காலியை விட்டு எழுந்து, அதை ஒரு பக்கமாக நகர்த்தி வழி விட்டாள்.

"நீ போ ராசா. உன்ன நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

அண்ணன் நகரவில்லை. தன் அம்மாவின் கையை மெல்ல விடுவித்தான். "போய்ட்டு வரேன் அத்த" என்றான். "காலைல வந்துருவேன். அம்மாவையும் பாத்துக்க."

பெரியம்மா அலறிய அலறலில் பக்கத்துச் சந்து நாய்கள் குரைத்தன. "என் தம்பிய முயுங்கினது போதாதாடி? என் புள்ளையும் வோணுமாடி உனக்கு? எனக்கு வேற யாருடி கீறாங்க?"

அத்தை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வருவான் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அது ரயில்வே கேட் தாண்டிப் போகும்வரை யாரும் அசையவில்லை.

நாற்காலி ஓரமாகவே கிடந்தது. இப்போது வழி திறந்துதான் இருந்தது, யார் வேண்டுமானாலும் பேசாமல் போயிருக்கலாம். பின்தெருக்காரி அத்தையின் எதிரில் வந்து நின்றாள். "வரேங்க்கா" என்றாள். "சாயந்திரமா வரேன். சும்மா வரேன்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் மாமாவின் சிநேகிதர்கள். முதலில் ரகசியம் மாதிரி சொன்னார்கள், போகப்போகச் சாதாரணமாகவே சொன்னார்கள். அத்தை ஒவ்வொருத்தருக்கும் "வாங்க" என்றாள். அம்மா சொன்னாள். கடைசியில் நைனா வந்தார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அத்தை அவர் தலையை ஒருமுறை தடவிவிட்டதைப் பார்த்தேன். அவருக்கு நரைத்திருந்தது அன்றுதான் என் கண்ணில் பட்டது.

பெரியம்மா மட்டும் சொல்லவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அத்தையின் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. எங்கள் பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் ஒப்புக்கொள்ளாமல் போய்விட்டாள் என்று தோன்றியது.

அன்றைக்கு அத்தை செல்போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று வீசியதால் சந்து முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அத்தை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால், பெரியம்மா. கையில் ஒரு தூக்கு. மார்க்கெட்டுக்கு லாரிகள் வந்து குவியும் நேரம் அது. அந்த நேரத்தில் அவள் கடையை விட்டு வந்து யாரும் பார்த்ததில்லை.

"வந்துட்டான்" என்றாள். "வந்து படுத்துத் தூங்கினு கீறான்."

அத்தையின் கையிலிருந்த சொம்புத் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டியது. "உள்ள வாங்க அண்ணி" என்றாள்.

தூக்கில் இட்லி இருந்தது. இன்னொரு கிண்ணத்தில் வடகறி. பெரியம்மா தானே தட்டு எடுத்துப் போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். அத்தையின் தட்டில் இட்லி தீர்ந்தபோது பெரியம்மா இன்னொன்றை வைத்தாள், அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா இறந்ததிலிருந்து அத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்துப் பெரியம்மா தூக்கைக் கழுவிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். செருப்பை மாட்டினாள். அத்தை அவளிடம் எதையும் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்து வைப்பதிலேயே கவனமாக இருந்தாள். பெரியம்மா சந்தில் நடந்து கேட் வரைக்கும் போய்விட்டாள். கேட்டின் மேல் கையை வைத்தவள், அப்படியே நின்றாள். திரும்பாமல், முதுகைக் காட்டிக்கொண்டே, "வரேன்டி" என்றாள்.

அத்தை தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "வாங்க அண்ணி. நாளைக்கும் வாங்க" என்றாள். "நானும் அந்தாண்ட வரேன்."

பெரியம்மா அந்த கேட் ஓரத்திலேயே, தண்ணீர் தெளித்திருந்த தரையில், தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அழ ஆரம்பித்தாள். மாமாவுக்காக அழுதது போல மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, பாட்டுக் கட்டவில்லை. திருவிழாவில் தொலைந்துபோன சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு என்னான்ட யாருமே சொல்லலடி" என்றாள் பெரியம்மா. "கைப்புள்ளைய வெச்சுகினு ஒக்காந்திருந்தேன். ஒருத்தர் சொல்லலடி."

நான் வாயில் பல்பொடி நுரையோடு நின்று யோசித்தேன். பாவம், ராத்திரி முழுக்க அண்ணனுக்காகப் பயந்துகொண்டிருந்திருப்பாள். அவன் வண்டியை விட்டு இறங்கி வந்த செய்தியை யாரும் அவளுக்கு நேரத்தில் சொல்லவில்லைபோல. ஆனால் அவன் வந்துவிட்டதைச் சற்றுமுன் எங்களுக்குச் சொன்னதே அவள்தான். கைப்பிள்ளை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கவில்லை. எப்படியானாலும், அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதானே குறை. அதை நான் தீர்த்துவிடலாம்.

வாயைத் துப்பிவிட்டு அவள் எதிரில் போய்க் குந்தினேன். "பெரியம்மா, அண்ணன் வந்துட்டாரு. வூட்ல தூங்கினு கீறாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அப்புறம் என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முன்னைவிட அதிகமாக அழுதாள். நல்ல செய்தி சொன்னால் அழுகை நின்றுவிடும் என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.